சீட்டு ஒட்டாத புத்தகம்

நிதானத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். முப்பது வருடம் நகராட்சிகளுக்குச் சட்டம் தொகுத்துக் கொடுத்தேன். அத்தனை வருடமும் என்மேல் வந்த ஒரே புகார், அவசரக்காரி என்பதுதான். இதை எழுத உட்கார்ந்த பிறகே மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். யாரும் வரப்போவதில்லை. கால் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அதனால் நிதானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல முடியாது. அது இல்லாமல் நான் பட்ட ஒரு வாரத்தைச் சொல்கிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு சின்ன ஊரின் நகர்மன்றம் ஐம்பது அறுபது வருடமாக விதி போட்டுக்கொண்டே இருக்கும். நாய்க்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, இறைச்சிக் கடைக்கு ஒன்று, குதிரைவண்டி நிற்கும் இடத்துக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று முட்டும். அதையெல்லாம் திரட்டி, செத்ததை விட்டு, உயிருள்ளதை ஒழுங்காக அடுக்கி ஒரே புத்தகமாக்குவதுதான் நம் தொழில். கடைசிப் பக்கத்தில், ‘இதற்குமுன் இருந்த துணைவிதிகள் அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன’ என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுதும்போது எல்லோருக்கும் ஒரு பெருமிதம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்த வரியின் அர்த்தம், புத்தகத்துக்குள் வராதது எல்லாம் அன்றோடு செத்தது என்பது. அதை நான் புரிந்துகொள்ள ஒரு பெண் தன் அடுப்பை இழக்கப் பார்த்தாள்.

ஹைதராபாத்தின் வடக்கே, போலாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன நகராட்சி. பெயர் வேண்டாம், இப்போது அது பெருநகரத்துக்குள் கரைந்துவிட்டது. ஐடி கம்பெனிகள் ஊரையே ஊதிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போன சாலையில் மாலையில் திரும்ப முடியாது, கேபிள் போடத் தோண்டியிருப்பார்கள். ஊரைச் சிட்டியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு தினமும் அடிபட்டது. சேர்ப்பதற்குள் சட்டங்களை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று கமிஷனருக்கு ஒரே துடிப்பு. என்னைப்போலவே அவசரக்காரர். வயதில் என்னைவிட இருபது வருடம் சின்னவர், தெலுங்குக்காரர், நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். எங்கள் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. அதுதான் வினை.

எங்கள் கம்பெனி சனத்நகரில் ஒரு மாடி. அங்கிருந்து நானும், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் சுனிதாவும் அந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து இரண்டு வருடம் வேலை பார்த்தோம். சுனிதா செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். வீட்டிலும் அப்படித்தானாம்.

முதல் வாரத்திலேயே அவள் வந்து நின்றாள். அலுவலகத்தில் பழைய விதிப் புத்தகம் இரண்டு பிரதி இருக்கிறதாம். கமிஷனர் அறைக் கண்ணாடி பீரோவில் ஒன்று, சானிட்டரி இன்ஸ்பெக்டர் அறையில் ஒன்று.

“ஏ புக் டைப் செய்யாலி மேடம்?” எதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

நான் இரண்டையும் பார்த்தேன். பீரோவில் இருந்தது நீல ரெக்ஸின் அட்டை, பக்கம் மடங்காமல், புத்தம் புதிதாக இருந்தது. இன்னொன்று ஊதிப்போய், மூடினால் மூடாமல், நூல் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் என்னென்னவோ காகிதம் ஒட்டி, மைதாப் பசைக்கு வந்த பூச்சி ஓட்டை போட்டிருந்தது. தொட்டால் தும்மல் வந்தது.

“சுத்தமா இருக்கிறதை எடு. இதுக்கெல்லாம் ஒரு நாள் வேஸ்ட் பண்ணாதே,” என்றேன்.

அந்த முடிவை எடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நடந்த தவறு அவ்வளவுதான், அங்கேயேதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

இரண்டு வருடத்தில் புத்தகம் முடிந்தது. நகர்மன்றம் நிறைவேற்றியது, அரசிதழில் வந்தது, அமலுக்கும் வந்தது. பின் வேலைகளுக்காக இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்தோம். அப்போது ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் மதியச் சாப்பாட்டோடு எஸ்தர் வந்தாள்.

எஸ்தர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் சனத்நகர் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். பட்டறை மூடியதும் வாடகை குறைவென்று இந்தப் பக்கம் வந்தார்கள். வீட்டின் பின்கட்டில் கறி பாயிண்ட் வைத்திருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஹைதராபாத்தில் இது பெரிய விஷயம். சோறு அவரவர் வீட்டில் வடித்துக்கொள்வார்கள், குழம்பும் பொரியலும் கறி பாயிண்டில் பொட்டலமாக வாங்கிக்கொள்வார்கள். மாதாப்பூர் பக்கம் வேலை, அங்கே வாடகை கட்டாது என்று எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஐடி பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எஸ்தர் குழம்புதான். எனக்கும் சுனிதாவுக்கும் மட்டும் சோற்றோடு கேரியர் அனுப்புவாள். வழக்கமாகக் கணவர்தான் கொண்டு வருவார். அன்று அவளே வந்தாள். கையில் ஒரு காகிதம்.

“அக்கா, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. தாமோதர் சார்தான் குடுத்துட்டுப் போனாவ. மொகத்தயே பாக்கல. என்ன சார்னு கேட்டா, மேடத்துகிட்ட காட்டுங்கன்னுட்டுப் போய்ட்டாவ.”

தாமோதர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். காகிதம் நகராட்சி நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குடியிருக்கும் எந்த வீட்டிலும், அதன் அறையிலோ தாழ்வாரத்திலோ பின்கட்டிலோ கொட்டகையிலோ, விற்பனைக்காக எந்த உணவும் சமைக்கக் கூடாது. ஏழு நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் பாத்திரம் பண்டங்களை எடுத்துப்போய்விடுவார்கள்.

பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது. பழைய விதியில் ‘வீட்டில் சமைக்கக் கூடாது’ என்று மொட்டையாக இருந்தது. ஓட்டை இருக்கக் கூடாது என்று அறை, தாழ்வாரம், பின்கட்டு, கொட்டகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவள் நான். நன்றாக வந்திருக்கிறது என்று சுனிதாவிடம் படித்துக்கூடக் காட்டினேன்.

“யாருக்கா இத எழுதுனது? இம்புட்டு ஒண்ணுவிடாம எழுதிருக்காவ.”

“நான்தான்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட பெர்மிட் இருக்கேக்கா. தாமோதர் சார் வந்து அடுப்பு, செவுரு, தண்ணித்தொட்டி எல்லாம் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாவ. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன்.” பிறகு கேரியரை மேசையில் வைத்துவிட்டு, “நீங்க எழுதுனதுதானே. அப்ப நீங்களே சரி பண்ணிருவியல்லா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. நேரே தாமோதர் அறைக்குப் போனேன்.

தாமோதர் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் உள்ளே போனதும் எழுந்து நிற்கவில்லை, வழக்கமாக நிற்பவர். வீட்டில் சமைத்து விற்க எந்த விதியில் பெர்மிட் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஊதிப்போன புத்தகத்தை இழுத்து, நூலை அவிழ்த்து, ஒரு பக்கத்தைத் திருப்பினார். வீட்டில் சமைக்கக் கூடாது என்ற விதிக்குக் கீழே பழுப்பேறிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சமையலிடம் தனிச் சுவரும் தனி வாசலுமாக இருந்து, சானிட்டரி இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துச் சான்றளித்தால் அனுமதிக்கலாம். அந்தக் காலத்தில் போலாரம் பட்டாளத்துச் சிப்பாய்களைப் பார்க்க வரும் உறவுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களுக்காக நகர்மன்றம் கொண்டுவந்த திருத்தம். முறையாக நிறைவேறி, அச்சாகி, சீட்டாக வந்தது. வந்த சீட்டை அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது ஆபீஸ் நடைமுறை.

“பீரோவிலே இருக்கிற புத்தகத்திலே இது இல்லையே,” என்றேன்.

“ஹவ் மேடம், ஆமா, இருக்காது. அது ஷோக்கு வெச்ச புக்கு. அதை யாரும் தொறக்கிறதில்ல, அதனால யாரும் ஒட்டறதும் இல்ல. வேலை செய்யற புக்கு இது.” நூலைத் திரும்பக் கட்டிக்கொண்டே, “கைக்கு மேடம், ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?” என்றார்.

புதுப் புத்தகம் வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன், என் தவறில் பாதியை அவர் தலையில் கட்ட. அவர் சிரித்துவிட்டார். புதுப் புத்தகம் கமிஷனருக்கும் கவுன்சிலர்களுக்கும்தான் போயிருந்ததாம். சானிட்டரி பிரிவுக்குப் பிரதி இன்னும் வரவில்லை.

ஆனால் ஒருவர் அதை வரி வரியாகப் படித்திருந்தார். ஹைவேயில் புதிதாகப் பெரிய ஹோட்டல் திறந்தவர். கறி பாயிண்டுகளால் அவருக்கு வியாபாரம் இல்லை. புதுச் சட்டப்படி அவற்றை மூடுங்கள் என்று வக்கீலை வைத்து மனுக் கொடுத்துவிட்டார். கமிஷனர் அறையிலிருந்து போன முதல் நோட்டீஸ் எஸ்தருக்கு. மற்றவர்களுக்கு வரிசையாகப் போகும்.

புதன்கிழமை காலை கமிஷனரிடம் போனேன். அவர் ஐந்து நிமிடத்தில் வழி சொல்லிவிட்டார். அரசிதழில் பிழைத்திருத்தம் போடலாம், ‘தட்டச்சுப் பிழையால் ஒரு பத்தி விடுபட்டுவிட்டது’ என்று. இரண்டு நாளில் முடியும். மன்றத்துக்குப் போக வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம். தட்டச்சு செய்த பெண்ணிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவிடுங்கள், போதும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உயிர் வந்தது. அறைக்கு வந்து நானே அந்தப் பிழைத்திருத்தத்தை எழுதினேன். சுனிதாவுக்காக ஒரு வாக்குமூலமும் எழுதினேன். இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பியூன் இரண்டு முறை வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எஸ்தர் வீட்டுத் தெருமுனைவரை போய், உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். புதன்கிழமை முழுவதும் இப்படியே கழிந்தது. ஏழில் ஒரு நாளை ஒன்றும் செய்யாமல் ஓடியே தீர்த்தேன்.

என்னைத் தடுத்தது நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் வந்தது பயம்தான். பிழைத்திருத்தம் என்பது மன்றம் நிறைவேற்றியதை அச்சகம் தப்பாக அடித்தால் அதைச் சரிசெய்ய. மன்றம் நிறைவேற்றிய பிரதியிலேயே அந்தப் பத்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் சேர்மன் கையெழுத்தோடு அது பத்திரமாக இருக்கிறது. ஹோட்டல்காரரின் வக்கீல் அதைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அப்போது விழுவது பிழைத்திருத்தம் மட்டுமில்லை. எஸ்தரின் பெர்மிட் மோசடியில் பிழைத்த பெர்மிட் ஆகிவிடும். அதற்குப் பிறகு அவளை யாராலும் காப்பாற்ற முடியாது.

வியாழக்கிழமை காலை, இத்தனையும் தெரிந்திருந்தும், நான் வாக்குமூலத்தை எடுத்துச் சுனிதா முன்னால் வைத்தேன். ஆம், வைத்தேன். வேறு வழி தோன்றாதபோது கை அதன்பாட்டுக்குச் செய்யும். அந்த மாதம்தான் அவளுக்கு ஒரு பெரிய ஐடி கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. எங்களிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொண்டு சேர வேண்டும்.

படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நேனா மேடம்?” என்றாள்.

நானா என்று கேட்டாள், அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. எந்தப் புத்தகம் என்று கேட்டவள் அவள். எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்றும் அதை நினைத்தால் வெட்கம்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, “நக்கோ, உனக்கு இது வேண்டாம். புத்தகத்தோட கடைசிப் பக்கத்தை எடு,” என்றேன்.

கடைசிப் பக்கத்தில், ரத்து செய்யும் வரிக்கு அடுத்தபடியாக ஒரு பிரிவு உண்டு. இந்தப் புத்தகத்தை அமல்படுத்துவதில் இடர்ப்பாடு வந்தால், ஒரு வருடத்துக்குள், மன்றம் தீர்மானம் போட்டு எந்தப் பிரிவையும் நிறுத்திவைக்கலாம் என்று. எல்லாச் சட்டத்திலும் பழக்கதோஷத்தில் நாம் போடுவது. நானும் யோசிக்காமல்தான் போட்டிருந்தேன். அது என்னைக் காப்பாற்றும் என்று நினைத்ததே இல்லை.

ஆனால் தீர்மானத்துக்கு மன்றம் கூட வேண்டும். அவசரக் கூட்டத்துக்கு மூன்று முழு நாள் அவகாசம் தர வேண்டும். அழைப்புக் கொடுக்கும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. நோட்டீஸ் கெடு செவ்வாயோடு முடிகிறது. வியாழன் மாலைக்குள் எல்லாக் கவுன்சிலர் கையிலும் அழைப்பு இருந்தால், வெள்ளி, சனி, ஞாயிறு போக, திங்கட்கிழமை கூடலாம். அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தாலும் நாள் நாள்தான். புதன்கிழமை நான் ஓடித் தீர்த்த அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது உறைத்தது.

கமிஷனர் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்மன் ஒரு அம்மாள், அவரிடமே நேரில் போய்க் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். அவர் பால் வியாபாரம் செய்யும் குடும்பம். எஸ்தர் அவர்களிடம்தான் தயிர் வாங்குவாள். அதனால்தான் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. தாமோதர் ஒரு ஸ்கூட்டர், நான் ஒரு ஸ்கூட்டர். தோண்டிப் போட்ட தெருக்களில் வார்டு வார்டாகப் போனோம். ஒரு கவுன்சிலர் வெளியூர் கிளம்பிவிட்டார் என்றார்கள். மௌலா அலி ஸ்டேஷனில் ரயில் ஏறப்போனவரைப் பிளாட்பாரத்தில் பிடித்துக் கையெழுத்து வாங்கினார் தாமோதர். திங்கட்கிழமைக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாராம். ‘திரும்பிவிடுகிறேன்’ என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளும் நான் தூங்கியது மாதிரி நினைவில்லை.

எஸ்தர் மட்டும் தினமும் கேரியர் அனுப்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளிடம் போய், ஒருவேளை நடக்காமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பெரியவளுக்கு இந்த வருசம் பிளஸ் டூக்கா. ஊருக்குப் போனா அங்க வீடில்ல. இவுகளுக்கு வேற பட்டறைல வேல குடுக்க மாட்டேங்கறாவ, வயசாயிட்டுன்னு.” குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். “அடுப்பு இருக்கக்கண்டிதான் இருக்கோம்.”

திங்கட்கிழமை கூட்டம். ரயில் ஏறிய கவுன்சிலர் வந்துவிட்டார். பார்வையாளர் வரிசையில் ஹோட்டல்காரரின் வக்கீல். நான் எழுதிக்கொண்டு போயிருந்த தீர்மானம் சின்னது. கறி பாயிண்ட் சம்பந்தப்பட்ட பிரிவை மட்டும் நிறுத்திவைப்பது. எழுந்து நின்று, எந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தேன் என்று தெலுங்கில் சொன்னேன். சுத்தமாக இருந்தது, அதனால் எடுத்தேன் என்றதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அப்போது கவுன்சிலர் ஒருவர், ஹோட்டல்காரருக்கு வேண்டியவர், எழுந்தார். “இந்த மேடத்துக்கு மதியச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. தன் சாப்பாட்டுக்காகச் சட்டத்தைத் திருத்த வந்திருக்கிறார்,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை. இரண்டு வருடமாக அவள் சோற்றைத்தான் சாப்பிட்டேன். அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கையில் இருந்த தீர்மானத்தைப் பார்த்தேன். இது நிறைவேறினாலும் நாளைக்கு இந்த மனிதர் இதையே சொல்லிக் கோர்ட்டுக்குப் போவார். எஸ்தர் என் தயவில் பிழைத்தவள் ஆகிவிடுவாள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடம். அவசரக்காரியான நான் அன்று அந்தச் சபையில் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாமோதர் பிறகு சொன்னார், மேடம் மயங்கி விழப்போகிறார்களோ என்று பயந்தாராம். எனக்குத் தலை சுற்றவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“உண்மைதான். அங்கேதான் சாப்பிடுகிறேன். அதனால் அவருக்காக எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை. என் புத்தகத்தைப் பற்றிக் கேட்க உரிமை இருக்கிறது. தாமோதர் சார் புத்தகத்தில் இதுபோல எத்தனையோ சீட்டு இருக்கிறது. எது எது விடுபட்டது என்று எனக்கே தெரியாது. அதனால் ஒரு பிரிவை இல்லை, பழைய விதிகளை ரத்து செய்யும் அந்தக் கடைசிப் பக்க வரியையே நிறுத்திவையுங்கள். முழுதும் ஒப்பிட்டு முடியும்வரை பழைய விதிகளும் அவற்றின் சீட்டுகளும்தான் சட்டம். நான் எழுதிய புத்தகம் அதுவரை வெறும் காகிதமாக இருக்கட்டும்.”

கமிஷனர் என்னை முறைத்தார். இரண்டு வருட வேலையை இப்படிப் போட்டுடைப்பவளை யார்தான் முறைக்க மாட்டார்கள். தீர்மானத்தை அங்கேயே நின்று கையால் எழுதினேன், நாலு வரி. வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களைவிட மூன்று கை அதிகமாக உயர்ந்தது. அதில் ஒன்று ரயில் ஏறி இறங்கிய கை. வக்கீல் காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பழைய புத்தகத்தோடு ஒப்பிடும் வேலையைத் தொடங்கினோம். இந்த முறை அழுக்குப் புத்தகத்தை, தும்மிக்கொண்டே, பக்கம் பக்கமாக. பாதிகூட முடியவில்லை. ஊரைச் சிட்டியோடு சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த பிறகு சிட்டியின் சட்டம், சிட்டியின் கவலை. என் புத்தகம் கடைசிவரை உயிர் பெறவே இல்லை. கம்பெனி முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சுனிதா நன்னடத்தைக் கடிதத்தோடு ஐடி வேலைக்குப் போனாள். எஸ்தரின் பெரிய பெண் அங்கேயே பிளஸ் டூ முடித்தாள். அடுப்பு அதற்குப் பிறகும் பல வருடம் எரிந்தது.

இப்போது நீங்கள் புதிய ஊருக்கு வேலைக்குப் போகும்போது, சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பீரோவைத்தான் காட்டுவார்கள். மூட முடியாத புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எனக்கு உட்காரத்தான் வராது. உங்களுக்காவது வரட்டும்.

கெடு முடிய வேண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மதியம் எஸ்தரே கேரியர் கொண்டு வந்தாள். சோறு, குழம்பு, பொரியல். மேல் கிண்ணத்தைத் திறந்தால் ஏதோ வெள்ளையாகக் கொழகொழவென்று இருந்தது. பாயசம் என்று நினைத்து விரலை விட்டேன்.

“அது ஒங்களுக்கில்லக்கா. தாமோதர் சார் மைதா காய்ச்சிக் கேட்டாவ.”

தாமோதர் அந்த ஊதிப்போன புத்தகத்தை எடுத்து வந்து என் மேசையில் விரித்தார். கடைசிப் பக்கத்தில் பசை தடவி, நான் சபையில் கையால் எழுதிய தீர்மானத்தின் நகலை வைத்து, உள்ளங்கையால் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தார். எஸ்தர் முந்தானை நுனியால் மீதிப் பசையைத் துடைத்தாள். இரண்டு வருடம் எழுதிய இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில், அந்த ஊரில் நான் எழுதிச் சட்டமாக நின்றது அந்த நாலு வரிதான்.